அறுபத்து நான்கில் ஒருவர்

2012 நவம்பரில், மேற்கு சைபீரியாவின் ஹாந்தி-மான்சிஸ்க் நகரத்துக்குப் பல நாடுகளிலிருந்து 64 பெண்கள் வந்து இறங்கினார்கள். எண்ணெய் வளத்தால் செழித்த ஊர் அது. ஓப், இர்த்தீஷ் என்னும் இரண்டு பெரிய ஆறுகள் கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. வந்தவர்கள் மகளிர் உலகச் செஸ் பட்டத்துக்காக ஆட வந்தவர்கள். விதி சிறு பிள்ளைக்கும் புரியும். இருவர் இருவராக மோத வேண்டும். வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார். 64 பேர் 32 ஆவார்கள்; பிறகு 16, 8, 4, 2. ஆறாவது சுற்று முடியும்போது மிஞ்சி நிற்பவரே உலகச் சாம்பியன்.

தரவரிசையில் முதலில் நின்றவர் சீனாவின் ஹோ யிஃபான். அப்போதைய உலகச் சாம்பியனும் அவரே, வயது 18. இரண்டாம் இடத்தில் ஆந்திரத்தின் கொனேரு ஹம்பி. இருவருமே இரண்டாம் சுற்றோடு வெளியேறினார்கள். ஹோவை வீழ்த்தியவர் போலந்தின் மோனிகா சொச்கோ. ஹம்பியை வீழ்த்தியவர் உக்ரைனின் நதாலியா ஷுக்கோவா. கடைசிவரை நின்று பட்டம் வென்றவர் உக்ரைனின் ஹார்கிவ் நகரைச் சேர்ந்த அன்னா உஷேனினா. தரவரிசையில் அவருக்கு 30-ஆவது இடம்.

பத்து மாதம் கழித்து, 2013 செப்டம்பரில், சீனாவின் தைஜோ நகரில் உஷேனினாவும் ஹோ யிஃபானும் பட்டத்துக்காக நேருக்கு நேர் அமர்ந்தார்கள். பத்து ஆட்டங்கள் கொண்ட தொடர். ஏழாவது ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது: ஹோ 5½, உஷேனினா 1½.

ஒரே ஆண்டுக்குள் ஒரே பட்டத்துக்கு இரண்டு விடைகள். இரண்டும் விதிப்படி, பலகையின் மேல், நேர்மையாக வந்த விடைகள்தாம். அப்படியானால் எந்தப் போட்டி உண்மையைச் சொன்னது? இந்தக் கேள்விக்குள் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது.

பாதியாகிக்கொண்டே போகும் அதிசயம்

செஸ் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டே போனால் நாட்டின் களஞ்சியமே காலியாகிவிடும் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இரட்டித்துக்கொண்டே போவதன் வலிமை அது. நாக்-அவுட் போட்டி அதே கதையைத் திருப்பிப்போட்டது. இங்கே எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகிறது. எவ்வளவு பெரிய கூட்டமும் இதன் முன் நிற்காது. உலகின் 800 கோடிச் சொச்சம் மக்கள் அனைவரையும் ஒரு நாக்-அவுட்டில் ஆட விட்டால் எத்தனை சுற்று வேண்டியிருக்கும்? வெறும் 33. இரண்டை முப்பத்து மூன்று முறை பெருக்கினால் 859 கோடியைத் தொட்டுவிடுகிறதே!

மொத்தம் எத்தனை மோதல்கள் என்பதற்கு இன்னும் அழகான விடை இருக்கிறது. 32, 16, 8, 4, 2, 1 என்று கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு மோதலும் சரியாக ஒருவரை ஊருக்கு அனுப்புகிறது. 64 பேரில் 63 பேர் போக வேண்டும். ஆகவே 63 மோதல்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதென்றால் 2,016 மோதல்கள் தேவைப்பட்டிருக்கும். மூன்று வாரத்தில் உலகச் சாம்பியனைக் கண்டுபிடிக்க நாக்-அவுட்டை விடச் சிக்கனமான வழி இல்லை.

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அது என்ன என்று பார்க்க ஒரு மோதலுக்குள் நுழைய வேண்டும்.

ஒரு சோறு போதுமா?

செஸ் ஆட்டக்காரர்களின் வலிமையை அளக்கும் எலோ ரேட்டிங், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ உருவாக்கியது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணுக்குப் பொருள், இருவரின் வித்தியாசத்தில் இருக்கிறது. ஒருவர் மற்றவரை விட 100 புள்ளி கூடுதலாக இருந்தால், நீண்ட காலக் கணக்கில் நூறு ஆட்டத்துக்குச் சுமார் 64 புள்ளி எடுப்பார். 200 கூடுதல் என்றால் 76. ஹாந்தி-மான்சிஸ்க்கில் ஹோ யிஃபானின் ரேட்டிங் சுமார் 2600. உஷேனினாவுடையது சுமார் 2450.

நூற்றுக்கு 64 என்பது நூற்றுக்கு 64 வெற்றி என்று பொருள்படாது. செஸ்ஸில் டிரா நிறைய. 100 புள்ளி கூடுதலானவர் நூறில் 44 ஆட்டம் வெல்கிறார், 40 டிரா செய்கிறார், 16 தோற்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நாக்-அவுட்டில் இறுதிச் சுற்று நீங்கலாக ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஆடியது இரண்டே ஆட்டம். இரண்டு ஆட்டத்தின் எல்லாச் சாத்தியங்களையும் கூட்டிப் பார்த்தால், வலிமையானவர் நேராக வெல்லும் வாய்ப்பு 55 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நேராகத் தோற்கும் வாய்ப்பு 15. மீதி 30 சதவீதத்தில் 1-1 என்று சமநிலையாகி, டை-பிரேக்குக்குப் போகிறது. அதில் அவர் நூற்றுக்கு 60 முறை வெல்வார் என்று கொண்டாலும், மொத்தத்தில் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு சுமார் 73 சதவீதம்.

தெளிவாக வலிமை கூடியவர், நான்கில் ஒரு முறைக்கும் மேலாக வெளியேறுகிறார்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தப் பழமொழி ஏன் பலிக்கிறது? பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே சூட்டில் வேகின்றன. ஒன்றைப் போலவே மற்றொன்று. செஸ் ஆட்டங்கள் அப்படி வேவதில்லை. ஒரு நாள் தொடக்க நகர்த்தல்களில் எதிராளி தயாரித்து வந்த பொறி காத்திருக்கும். மறுநாள் ஐந்தாவது மணி நேரத்தில் களைத்த கண் ஒரு குதிரையைக் கவனிக்காமல் விடும். ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி உலையில் வேகிறது. இரண்டு சோற்றைப் பிசைந்து பார்த்துப் பானையின் பதத்தைச் சொல்ல முடியாது.

பத்துச் சோற்றைப் பார்த்தால்? மேலே சொன்ன அதே இருவரைப் பத்து ஆட்டத் தொடரில் உட்கார வைத்தால், வலிமையானவரின் வாய்ப்பு 73-இலிருந்து ஏறக்குறைய 89 சதவீதமாக ஏறுகிறது. புள்ளியியலின் அடிப்படை விதி இது. ஆட்டங்கள் கூடக்கூட திறமையால் கிடைக்கும் முன்னிலை ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்கிறது. தற்செயலின் ஆட்டமோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளர்கிறது. ஆட்டம் ஐந்து மடங்கானால் திறமையின் பங்கு ஐந்து மடங்கு. தற்செயலின் பங்கு இரண்டேகால் மடங்கு. நீண்ட தொடரில் திறமை மெல்ல மெல்ல முந்திச் சென்றுவிடுகிறது. தைஜோவில் நடந்தது இதுதான்.

ஆறு முறை பெருக்கினால்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எத்தனை அடிக்கு ஒரு முறை சறுக்கும் என்பதே நாக்-அவுட்டின் கணக்கு. ஏனென்றால் இங்கே ஒரே ஒரு சறுக்கல் போதும். அதற்குப் பிறகு நடை இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் 73 சதவீத வாய்ப்பு உள்ளவர் ஆறு சுற்றையும் கடக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 15 சதவீதம். ஏறக்குறைய ஏழில் ஒன்று. முதல் சுற்றுகளில் எதிராளிகள் எளியவர்களாக இருப்பார்கள் என்பதால் இன்னும் தாராளமாகக் கணக்கிடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் 90 சதவீத வாய்ப்பு என்று கொள்வோம். பத்துக்கு ஒன்பது முறை வெல்பவர்! அவருக்கும் பட்டம் கிடைக்கும் வாய்ப்பு 53 சதவீதம்தான். ஏறக்குறைய நாணயம் சுண்டுவதைப் போல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் தரவரிசைக்காரருக்கு 25 சதவீத வாய்ப்பு என்றால், மீதி 75 சதவீதம் மற்ற 63 பேரிடம் சிதறிக் கிடக்கிறது. பலருக்கு ஒரு சதவீதம், அரை சதவீதம்தான் இருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத அந்தத் துளிகள் கூடினால் குளம் நிறைந்துவிடும். ஆகவே உஷேனினா வெல்வார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் எதிர்பாராத யாரோ ஒருவர் வெல்லக்கூடும் என்று கணக்கு எப்போதோ சொல்லிவிட்டது. வியப்புக்கே வாய்ப்பு அதிகம். அதன் பெயர் மட்டும் முன்னால் தெரியாது.

வரலாறு இந்தக் கணக்கை அப்படியே வழிமொழிகிறது. 2000-இல் புது டெல்லியில் தொடங்கி 2018-இல் மீண்டும் ஹாந்தி-மான்சிஸ்க்கில் முடிந்தது வரை, மகளிர் உலகப் பட்டம் பத்து முறை நாக்-அவுட்டால் தீர்மானிக்கப்பட்டது. வென்றவர்களை வரிசையாகச் சொன்னால்: ஷியே ஜுன், ஜூ சென், அந்துவானெத்தா ஸ்தெஃபானோவா, ஷூ யுஹுவா, அலெக்சாந்த்ரா கொஸ்தெனியுக், ஹோ யிஃபான், அன்னா உஷேனினா, மரியா முசிச்சுக், தான் ஜோங்யி, ஜூ வென்ஜுன். பத்துப் போட்டி, பத்துப் பெயர். ஒருவர்கூட இந்த முறையில் இரண்டாம் தடவை வெல்லவில்லை. நீண்ட தொடர்கள் பட்டத்தைத் தீர்மானித்த காலத்தில் ஜார்ஜியாவின் நோனா கப்ரிந்தஷ்விலி 1962-இலிருந்து 1978 வரையிலும், அவருக்குப் பின் அதே நாட்டின் மாயா சிபுர்தானித்ஸே 1991 வரையிலும் அசையாமல் அமர்ந்திருந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

குதிரையும் குதிரையும்

சமநிலையான மோதலுக்கு அன்றே முடிவு கண்டாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த சுற்று தொடங்காது. அதற்காக வைத்த டை-பிரேக் ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் நேரம் சுருங்கும். 2012-இல் முதலில் ஆளுக்கு 25 நிமிடம் கொண்ட இரண்டு ரேபிட் ஆட்டம். அதிலும் சமம் என்றால் 10 நிமிடத்தில் இரண்டு. அதிலும் சமம் என்றால் 5 நிமிட பிளிட்ஸ் இரண்டு. அதற்கும் முடியாவிட்டால் ஆர்மகெடான் என்ற கடைசி ஒற்றை ஆட்டம். அதில் வெள்ளைக்குக் கடிகாரத்தில் கூடுதல் நேரம் தருவார்கள். ஆனால் டிரா ஆனால் கறுப்பே வென்றதாகக் கொள்வார்கள்.

நேரம் குறையக் குறைய யோசனைக்கு இடம் குறைகிறது, பிழைக்கு இடம் கூடுகிறது. வலிமையின் வித்தியாசம் மங்குகிறது. இந்தப் படிக்கட்டின் கடைசிப் படியான ஆர்மகெடானில், 2008-இல், ரஷ்யாவின் நால்ச்சிக் நகரில் நடந்த போட்டியின் முதல் சுற்றில் ஒரு நிகழ்ச்சி. ஆடியவர்கள், நான்கு ஆண்டு கழித்து ஹோ யிஃபானை வெளியேற்றப்போகும் அதே மோனிகா சொச்கோவும், ருமேனியாவின் சபினா ஃபோய்ஷோரும். சொச்கோவுக்கு வெள்ளை, வென்றே ஆக வேண்டும். காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, பலகையில் மிஞ்சியது இவருக்கு ஒரு ராஜா, ஒரு குதிரை. அவருக்கும் ஒரு ராஜா, ஒரு குதிரை. அந்த நிலையில் ஃபோய்ஷோரின் கடிகாரம் முடிந்தது.

இது டிரா என்றார் நடுவர். ஒற்றைக் குதிரையால் யாரும் ஜெயிப்பதில்லை என்பது செஸ் ஆடும் எவருக்கும் தெரியும். டிரா என்றால் கறுப்புக்கு வெற்றி. ஃபோய்ஷோர் அடுத்த சுற்றுக்கு. சொச்கோ மேல்முறையீடு செய்தார். விதியின் வாசகம் வேறு மாதிரி இருக்கிறது. நேரம் தீர்ந்தவர் தோற்றவர். விதிக்குட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் அவரை மேட் செய்யவே முடியாது என்றால் மட்டுமே அது டிரா. கறுப்பு ராஜா பலகையின் மூலையில் ஒதுங்கி, அதன் சொந்தக் குதிரையே பக்கத்துக் கட்டத்தை அடைத்து நின்றால், வெள்ளை ராஜாவும் குதிரையும் சேர்ந்து மேட் செய்துவிடலாம். எந்த ஆட்டக்காரரும் அப்படிப் போய் மாட்டிக்கொள்ள மாட்டார். ஆனாலும் அது முடியாதது அல்ல. முடிவு மாற்றப்பட்டது, சொச்கோ முன்னேறினார். உலகப் பட்டப் போட்டியில் ஒருவருடைய பயணம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாமவர் எங்கே?

நாக்-அவுட்டின் இன்னொரு குறையை 1883-இலேயே ஒருவர் எடுத்துக்காட்டினார். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ஆலிஸ் கதைகளை எழுதிய சார்லஸ் டாட்ஜ்சன் அவர்; ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். டென்னிஸ் போட்டிகளைப் பார்த்து அவர் கேட்டார்: இறுதியில் தோற்றவர் இரண்டாவது சிறந்தவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

திறமை கூடியவரே எப்போதும் வெல்வார், தற்செயலே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட இந்தக் கேள்வி நிற்கிறது. இரண்டாவது சிறந்தவர் முதல்வரை முதல் சுற்றிலேயே சந்தித்துவிட்டால், அன்றே ஊருக்குப் போய்விடுவார். சீட்டுக் குலுக்கி ஜோடி போட்டால், 64 பேரில் இரண்டாவது சிறந்தவர் இறுதிக்கு வரும் வாய்ப்பு 63-இல் 32. பாதிக்குச் சற்றே மேல். உண்மையான இரண்டாமவர், முதல்வரிடம் தோற்ற ஆறு பேருக்குள் எங்கோ இருக்கிறார். அந்த ஆறு பேரைத் தங்களுக்குள் ஆடவிட்டால் இன்னும் ஐந்து மோதலில் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். 63-உம் 5-உம் 68. அதற்குக் குறைவான மோதல்களில் முதல் இருவரையும் உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட ஒன்று.

செஸ் போட்டிகளில் தரவரிசைப்படி ஜோடி போடுவது இதற்கான மருந்துதான். முதலாமவருக்கு 64-ஆமவர், இரண்டாமவருக்கு 63-ஆமவர் என்று அமைத்து, முதல் இருவரையும் அட்டவணையின் இரண்டு பாதிகளில் பிரித்து வைக்கிறார்கள். வலியவர்கள் கடைசியில் சந்திக்கட்டும் என்ற ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டை இரண்டே ஆட்டத்தில் கலைத்துவிடலாம் என்பதை ஹோவின் பாதியிலும் ஹம்பியின் பாதியிலும் ஒரே சுற்றில் கண்டோம்.

கணக்குக்குள் மனிதர்கள்

இந்த எண்களுக்குப் பின்னால் உண்மையான உடல்களும் மனங்களும் இருந்தன. 64 பேரில் 32 பேருக்கு அந்த நீண்ட பயணத்தின் பலன் இரண்டு ஆட்டமும், கூடினால் ஒரு நாள் டை-பிரேக்கும்தான். 2006-இல் யெகதெரின்பர்க்கில் பட்டம் வென்ற ஷூ யுஹுவா அப்போது கருவுற்றிருந்தார். 2010-இல் துருக்கியின் அந்தாக்யாவில் வென்றபோது ஹோ யிஃபானுக்கு 16 வயது. நம் ஹரிகா துரோணவல்லி 2012, 2015, 2017 என்று மூன்று முறை அரையிறுதிவரை போனார். மூன்று முறையும் அங்கே நின்றது. நாக்-அவுட் ஆட்டத்திறமையை மட்டும் அளப்பதில்லை. நேற்றைய டை-பிரேக்கில் நடுங்கிய கையை இன்று காலை அமைதியாக்கிக்கொண்டு புதிய எதிராளியின் முன் உட்காரும் வலிமையையும் சேர்த்து அளக்கிறது. உஷேனினா அதை ஆறு முறை செய்தார். அரையிறுதியில் அவர் வீழ்த்திய ஜூ வென்ஜுன் பின்னாளில் உலகச் சாம்பியன். இறுதியில் வீழ்த்திய ஸ்தெஃபானோவா முன்னாள் சாம்பியன். நிகழ்தகவு என்ன சொன்னாலும் அந்த வெற்றிகள் கடன் வாங்கியவை அல்ல.

ஆனாலும் பட்டம் இப்படிக் கைமாறுவது சரிதானா என்ற கேள்வி வளர்ந்துகொண்டே இருந்தது. 2016-இல் மரியா முசிச்சுக்கைத் தொடரில் 6-3 என வென்று பட்டத்தை மீட்ட ஹோ யிஃபான், இந்த முறையைக் குறை கூறிப் பட்டப் போட்டிகளிலிருந்தே விலகினார். 2018-க்குப் பிறகு ஃபிடே முறையை மாற்றியது. இப்போது பட்டம் நீண்ட தொடரில்தான் கைமாறும். அதற்கு முன் சவாலாளரைத் தேர்ந்தெடுக்கக் கேண்டிடேட்ஸ் போட்டி. நாக்-அவுட்டோ உலகக் கோப்பை என்ற பெயரில் தொடர்கிறது; அதில் முதல் மூவருக்குக் கேண்டிடேட்ஸில் இடம்.

கணக்கின் கண்ணால் பார்த்தால் இது மிக நல்ல ஏற்பாடு. நாக்-அவுட் எடை போடும் தராசாக இருந்தபோது தற்செயல் அதன் குறை. அதுவே வாசலாக ஆனதும் தற்செயல் அதன் கொடை. பட்டியலின் நடுவில் நிற்கும், நாளை யாராக ஆகப்போகிறார் என்று இன்னும் ரேட்டிங்குக்கே தெரியாத ஒரு பெண்ணை உள்ளே விடுகிறது. எடை போடுவதைப் பிறகு நீண்ட தொடர் பார்த்துக்கொள்ளும்.

2025 ஜூலையில், கப்ரிந்தஷ்விலியின் நாடான ஜார்ஜியாவில், கருங்கடல் ஓரத்துப் பதுமி நகரில் 107 பெண்கள் கூடினார்கள். முன்னணியில் இருந்த 21 பேருக்கு முதல் சுற்றில் ஓய்வு; மற்ற 86 பேர் மோதி 43 ஆனார்கள்; இரண்டும் சேர்ந்து மறுபடி 64. மறுபடி ஆறு சுற்று. காலிறுதியில் எட்டுப் பேரில் நால்வர் இந்தியர்: ஹம்பி, ஹரிகா, சென்னையின் வைஷாலி, நாக்பூரின் திவ்யா தேஷ்முக். இறுதியில் ஹம்பியும் திவ்யாவும். திவ்யா பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பே, 2002-இல், ஹம்பி கிராண்ட்மாஸ்டர் ஆகியிருந்தார். இரண்டு ஆட்டமும் டிரா; டை-பிரேக் ரேபிட்டில் 1½-½ என்று திவ்யா வென்றார். வயது 19. அதுவரை அவர் கிராண்ட்மாஸ்டர் இல்லை. 2012-இல் உஷேனினாவுக்கு வாய்த்ததைப் போலவே அந்த வெற்றியே அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைத் தந்தது.

தரவரிசையில் திவ்யாவுக்கு 15-ஆவது இடம். யாரோ ஒருவர் வெல்வார் என்று கணக்கு அன்றும் சொல்லியிருந்தது. அந்த யாரோவின் பெயரை எழுத மட்டும் மூன்று வாரமும் ஆறு மோதலும் தேவைப்பட்டன.